பவானிக்கு ரெண்டு விசிறி

அந்தப் பக்கம் உக்காராதீய தம்பி, ஆத்தூர் தாண்டுற வரைக்கும் வெயிலு மூஞ்சியிலயே அடிக்கும். இங்கன வாங்க. பைய மடியில வச்சுக்கிடுங்க. திருச்செந்தூருக்கா? நல்லது. நான் தூத்துக்குடிக்காரன், மணப்பாட்டுக்குப் போறேன். நீங்க எறங்குன பெறவும் எனக்குத் தூரம் கெடக்கு.

பஸ் ஸ்டாண்டுல அந்தப் போஸ்டரத்தான பாத்துக்கிட்டு நின்னிய? நானும் பாத்தேன். நீங்க பாக்குறதயும் பாத்தேன். ‘போரில் கப்பலைக் காத்த கடற்படை வீரர் கஸ்பார், முப்பதாம் நாள் நினைவு.’ ஆளு படம் சரிதான். கொஞ்சம் வயசக் கொறச்சுப் போட்டிருக்காவ, போகட்டும். பின்னால ஒரு கப்பல் நிக்குல்லா, அது எங்க பவானி இல்ல. எந்த நாட்டுக் கப்பலோ. பேரப்பிள்ள செல்போன்ல தேடி எடுத்து ஒட்டியிருக்கான். காலமெல்லாம் பவானி பவானின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுசனுக்குப் பக்கத்துல கடைசியில நிக்கது வேற எவளோ. எனக்கு அதுல சந்தோசம்னு நெனைக்காதீய. எனக்கு என்ன சந்தோசம்.

அந்தப் பூசைக்குத்தான் போறேன். பூசை முடிஞ்சு படகுல கடலுக்குப் போவாவளாம். கப்பல் கெடக்குற எடத்துல மாலை போடணுமாம். அத நான்தான் போடணும்னு அவன் பொஞ்சாதி சலேத்து நேத்தும் போன் பண்ணிச்சு. கப்பல அடையாளம் காட்டுனது நான்தான, அதனால.

பவானிங்கிறது சண்டைக் கப்பல் தம்பி. ஃபிரிகேட்டுன்னு சொல்லுவாவ. சரக்குக் கப்பலுக்குக் காவலாப் போறது, தண்ணிக்கடியில வார நீர்மூழ்கியத் தேடி வெரட்டுறது, அதுதான் அவ வேல. ரொம்பப் பெருசு கெடையாது. ஆனா எடுப்பா இருப்பா. ஹிட்லர் சண்டையப்போ வெள்ளக்காரன் அவசர அவசரமாக் கட்டுனது. வடகடல் பனியில கெடந்து அடிபட்டு, சண்ட முடிஞ்சதும் வேண்டாம்னு ஓரங்கட்டி வச்சிருந்தான். சுதந்திரத்துக்குப் பெறவு நம்ம ஆளுக வாங்கிப் பேர மாத்திக் கொண்டாந்தாவ. பழைய பேரு ஒண்ணு இருந்துச்சு. எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். எதுக்குச் சொல்லணும்?

பாய்லர் ரூமுக்கு எறங்குற ஏணிக்குப் பின்னால, இரும்புச் செவுத்துல, வெள்ளக்காரப் பயலுவ நாலஞ்சு பேரு ஆணியால பேரக் கீறி வச்சிருந்தானுவ. பெயிண்ட் அடிக்கிற மொற வாரப்பல்லாம் அங்கன மட்டும் நான் கூடக் கொஞ்சம் அடிப்பேன். எத்தன அடிச்சாலும் வெளக்கச் சாச்சுப் புடிச்சா எழுத்து தெரியும். இந்த எடம் மட்டும் ஏன் இப்படி மொத்தமா இருக்குன்னு ஒரு ஆபிசர் கேட்டாரு. துருப் புடிக்கி சார்னு சொல்லிட்டேன்.

நான் அவ பாய்லர் ரூம்ல இருந்தேன். தீயப் பாத்துக்கிடுத வேல. மேல நிக்கிறவன் கப்பல்னா கடலுன்னு நெனப்பான், காத்துன்னு நெனப்பான். அவ மூச்சு எங்களுக்குத்தான் தெரியும். எங்க இழுக்கா, எங்க விக்குதா, எப்ப கோவப்படுதான்னு காலு வழியாவே தெரியும். கல்யாணமான புதுசுல, தூக்கத்துல நீங்க காலால தரையத் தட்டிப் பாக்கீயன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா.

தனுஷ்கோடியப் புயல் அடிச்சுப் போட்டுச்சே, அப்ப எங்களத்தான் அனுப்புனாவ. கடல் கொதிச்சுக் கெடக்கு. மேல நிக்கிறவன் ஒடம்புல கயித்தக் கட்டிக்கிட்டு நிக்கான், வாந்தி எடுக்கான். கீழ நாங்க தீ அணையாமப் பாத்துக்கிட்டோம். பாய்லர் நின்னா கப்பல் பாறையில ஏறிரும். அவ நிக்கல. மெதந்து கெடந்த சனங்கள ஏத்துனோம். ஒரு கைப்பிள்ளைய, வெறச்சுப் போயிக் கெடந்துச்சு, பாய்லர் சூட்டுல வச்சாத்தான் பொழைக்கும்னு எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தாவ. நெஞ்சோட அத அணைச்சுக்கிட்டே ஒத்தக் கையால வால்வத் திருப்பிக்கிட்டு நின்னேன். பொழச்சுட்டு. இப்ப எங்க இருக்கோ. அதுக்கு மெடல் கெடையாது. அது சண்ட இல்லியே.

கஸ்பார் வந்தது ரொம்பப் பின்னால. மணப்பாட்டுக்காரன், நம்ம பாசை பேசுதவன், எங்க போனாலும் அண்ணே அண்ணேன்னு பின்னாலயே வருவான். நல்ல பய. அதுலதான் கஷ்டமே. கெட்ட பயன்னா ரெண்டு வார்த்த திட்டிட்டு மறந்திரலாம்.

எழுபத்தொண்ணுல சண்ட வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. விசாகப்பட்டினத்துல குண்டு ஏத்துதாவ, எண்ணெ ஏத்துதாவ. ஒரு நா காலையில எந்திரிக்கேன், தாடை வலிக்கி. கண்ணாடியப் பாத்தா ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி உப்பிக் கெடக்கு. பொன்னுக்கு வீங்கி. சின்னப் பிள்ளையளுக்கு வருமே, அதேதான். அது ஒருத்தனுக்கு வந்தா கப்பல் முழுக்கப் பரவிரும்னு டாக்டர் ஒரே சொல்லாச் சொல்லிட்டாரு, இவன எறக்குங்கன்னு. நான் கெஞ்சுதேன், வாயே தொறக்க முடியல, என்ன சொல்லுதேன்னு அவருக்கு வெளங்கல. சுத்தி நிக்கிறவன் எல்லாம் சிரிக்கான். சண்டைக்குப் போற கப்பல்ல இருந்து, கன்னத்துல துணியக் கட்டிக்கிட்டு எறங்குறவன் நான் ஒருத்தன்தான்.

என் எடத்துல யாரப் போட்டாவன்னு நான் சொல்லணுமா?

ஏணி எடுக்கும்போது மேல நின்னு கையக் காட்டுதான் அந்தப் பய. ‘அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்’ங்கான். பொண்ணு வீட்டு வாசல்ல நின்னு மாப்பிள்ளைய வழியனுப்புனாப்ல இருந்துச்சு எனக்கு.

சண்டையில அவ வங்காளக் கடல்ல காவல் நின்னா. எதிரிச் சரக்குக் கப்பல் ரெண்டு மூணப் புடிச்சுக் கொண்டாந்தா. ஒரு தடவ, கீழ நீர்மூழ்கி இருக்குன்னு வெரட்டிப் போகும்போது பாய்லர் ரூம்ல ஆவிக் கொழாய் வெடிச்சுட்டு. பக்கத்துல நிக்க முடியாது தம்பி, அந்த ஆவி பட்டா தோலு கழண்டு வந்திரும். எல்லாரும் ஏணியப் பாத்து ஓடியிருக்கான். கஸ்பார் மட்டும் நனைஞ்ச சாக்கத் தலையில போட்டுக்கிட்டு உள்ள போயி வால்வ அடச்சிருக்கான். ஒரு பாய்லர் போயும் இன்னொண்ணுல ஓடிக் கரைக்கு வந்துட்டா. கப்பல் தப்பிச்சுது, அத்தன பேரும் தப்பிச்சாவ. அவன் கை ரெண்டும் வெந்துபோச்சு. அந்தச் சத்தத்துல காது போயிட்டு. பக்கத்துல போயிக் கத்துனாத்தான் கேக்கும்.

ஆஸ்பத்திரியில கையில கட்டோட, என் கட்டிலத் தேடிக்கிட்டு வந்தான். ‘அண்ணே, நம்ம பாய்லர் நல்லாருக்கு’ன்னான். நம்ம பாய்லராம். நான் ஒண்ணும் சொல்லல. வீக்கம் இருந்துச்சு. அப்ப கொஞ்சம் வடிஞ்சுதான் இருந்துச்சு, ஆனாலும் ஒண்ணும் சொல்லல.

அந்த நோவு எனக்கு வேறொண்ணும் பண்ணிட்டுப் போச்சு. பெரியவங்களுக்கு வந்தா அப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாரு. பிள்ள இல்ல. கஸ்பாருக்கு நாலு ஆம்பளப் பிள்ளைய. அவன் காது போயி நாலு பெத்தான், எனக்குக் காது நல்லாக் கேக்கும், வீட்டுலதான் கேக்க ஒரு சத்தமும் இல்ல. வீட்டுக்காரியும் போயிச் சேந்துட்டா. சரி, அது கெடக்கட்டும். கப்பலச் சொல்ல வந்தேன்.

நானும் இருந்திருந்தா அந்த வால்வ அடச்சிருப்பேன். இதச் சொன்னா எல்லாரும் தலைய ஆட்டுவாவ. நீங்களும் ஆட்டுதீய பாருங்க.

சண்டைக்குப் பெறவு அவளுக்கு வயசாயிட்டு. புதுப் பயலுவளுக்கு வேல படிச்சுக்குடுக்க வச்சிருந்தாவ. பெறவு பீரங்கியக் கழட்டுனாவ, மணியக் கழட்டுனாவ, ஒடைக்கிறவனுக்கு வித்துட்டாவ. மேக்குக் கரைக்கு இழுத்துக்கிட்டுப் போயி ஒடைக்கதாத் திட்டம். உள்ள ஆளு இல்ல, தீ இல்ல, முன்னால ஒரு இழுவைப் படகு கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டுப் போவுது. கன்னியாகுமரி தாண்டும்போது கச்சான் காத்து, அதான் தென்மேக்குக் காத்து, புடிச்சுட்டு. கயிறு அறுந்துட்டு. இருட்டுல கப்பல் எங்கிட்டுப் போச்சோ தெரியல. தேடுனாவ, தேடிட்டுத் திரும்பிட்டாவ. அவ்வளவுதான். மூழ்கிட்டாங்கான் ஒருத்தன். மாலத்தீவுப் பக்கம் ஆளில்லாத கப்பல் ஒண்ணு மெதந்து போனதப் பாத்தேங்கான் இன்னொருத்தன். கயிறு அறுந்ததே பொய்யி, ஏதோ ஒரு மூலையில வச்சு எப்பவோ ஒடச்சு வித்துட்டானுவன்னு சொல்லுதவனும் உண்டு. ஒருத்தனும் கண்ணால பாக்கல.

நான் யார்கிட்டயும் கேக்கல. மனசுக்குள்ள வச்சுக்கிட்டேன். கஸ்பார் அப்படியா? பென்சன் வாங்கி ஊருக்கு வந்ததுல இருந்து இதே வேல. விடிஞ்சாக் கடக்கரையில நிப்பான். வலை கிழிஞ்சு வாரவன் கிட்டல்லாம் எந்த எடத்துல கிழிஞ்சுது, இரும்புல மாட்டுச்சா, பாறையில மாட்டுச்சான்னு கேப்பான். செவிட்டுப் பாட்டா கப்பலத் தேடுதாருன்னு பேப்பர்ல போட்டான். டிவிக்காரன் வந்தான். ‘உங்களுக்கும் கப்பலுக்கும் என்ன உறவு’ன்னு கேட்டதுக்கு, ‘அவதான் எனக்கு ரெண்டாவது தாய்’ங்கான் இவன். நான் டீக்கடையில உக்காந்து பாத்தேன். டிவிய அமத்துங்கடேன்னு சொன்னேன், கடைக்காரன் அமத்தல. அந்தக் கப்பல்ல அவன் இருந்தது எத்தன நாளு, நான் இருந்தது எத்தன வருசம்? ஒருத்தனாவது எங்கிட்ட வந்து கேட்டானா?

எனக்கு ஒரு பயம் இருந்துச்சு தம்பி. இந்தப் பய கண்டுபுடிச்சிருவான். அவன் ராசி அப்படி. கேக்காமலே எல்லாம் கெடைக்கும் அவனுக்கு. தேடுனாக் கெடைக்காமலா போகும்?

போன தை மாசம், கடல் தெளிஞ்சு கெடக்கிற நேரம், அவன் மூத்த மவன் என் வீட்டுக்கு வந்தான். மணப்பாட்டுக்கு வெளிய வலை கிழியுத எடத்துல, நசரேன்னு ஒரு சங்குகுளிக்காரப் பய முங்கிப் பாத்திருக்கான். அடியில இரும்புக் கப்பல் ஒண்ணு கெடக்குன்னு சொல்லியிருக்கான். அப்பா ஒங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாவ பெரியப்பா, நீங்க பாத்துச் சொன்னாத்தான் ஆச்சுன்னு சொல்லிட்டாவன்னான்.

போனேன். போகாம எப்படி இருக்கது? படகுல நான், கஸ்பார், நசரேன், எஞ்சினப் பாத்துக்கிடுத ஒரு ஆளு. கஸ்பார் மெலிஞ்சு குச்சியாக் கெடந்தான். அப்பவே சர்க்கரை அவன அரிச்சுட்டு. ஆனாலும் மூஞ்சி, திருவிழாவுக்குப் போற பிள்ள மூஞ்சி மாதிரி இருந்துச்சு. நான் மாதாவ வேண்டிக்கிட்டே போனேன். என்னன்னு? அது அவளா இருக்கக்கூடாதுன்னு.

நசரேன் முங்குற கண்ணாடிய மாட்டி, காத்துக் கொழாய வாயில கடிச்சுக்கிட்டு எறங்குனான். என்னத்தல்லாம் பாக்கணும்னு நான்தான் சொல்லி விட்டேன். முக்கியமா பின்பக்கம் போயி விசிறியப் பாருன்னேன். கப்பலத் தள்ளுத விசிறி, புரொப்பல்லர்னு சொல்லுவாவளே. பவானிக்கு ரெண்டு. சாதாரண சரக்குக் கப்பலுக்கு ஒண்ணுதான் இருக்கும்.

ரொம்ப நேரம் ஆச்சு. குமிழி மட்டும் வருது. கஸ்பார் அந்தக் குமிழியையே பாத்துக்கிட்டு இருக்கான். மேல வந்த பய படகப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குனான். நான் அவனுக்கும் கஸ்பாருக்கும் நடுவுல போயி உக்காந்துக்கிட்டேன்.

‘சாஞ்சு கெடக்கு பெரியப்பா. பாதி மண்ணுக்குள்ள. பின்னால விசிறி ஒண்ணு இருக்கு.’

‘ஒண்ணா?’

‘ஒண்ணுதான்.’

எனக்கு நெஞ்சுல பால வாத்தாப்ல இருந்துச்சு. அவ இல்ல. ஏதோ அரிசி ஏத்திட்டு வந்த கப்பல். என் பவானி இங்க இல்ல.

பின்னால இருந்து கஸ்பார் என் தோளப் புடிச்சு உலுக்குதான். என்னண்ணே, என்ன சொல்லுதான், எத்தனங்கான். திரும்பிப் பாத்தேன். அப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சு. இல்லன்னு சொன்னா இவன் நாளைக்கும் கரையில வந்து நிப்பான். அடுத்த எடத்தத் தேடுவான். சாகுறதுக்குள்ள நெசமாவே கண்டுபுடிச்சிருவான். இதுதான்னு சொல்லிட்டா? தேடுதத விட்டுருவான். இந்த அரிசிக் கப்பல அவன் வச்சுக்கிடட்டும். நெசமானவ எங்க இருந்தாலும், அவளத் தேட மிச்சம் இருக்கப் போறவன் நான் ஒருத்தன்தான்.

அவன் காதுல வாய வச்சு ‘ரெண்டு’ன்னு கத்துனேன். கேக்காமப் போயிருமோன்னு வெரலயும் காட்டுனேன்.

நசரேன் என்னயப் பாத்தான். ஒண்ணுன்னுல்லா சொன்னேன் பெரியப்பான்னு இழுத்தான். ஒனக்கு என்னல தெரியும், சாஞ்சு கெடக்கு, இன்னொண்ணு மண்ணுக்குள்ள கெடக்கும், படகுல ஏறுன்னு அதட்டுனேன்.

கஸ்பார் அழல. கோயில் வாசல்ல தீர்த்தத்துல கைய வைப்போம்லா, அது மாதிரி குனிஞ்சு கடல்ல வெரல நனைச்சு, நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டான். பெறவு என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான். ‘அண்ணே, அவ ஒங்க கப்பல். நான் ஒங்க எடத்துல கொஞ்ச நாளு நின்னேன், அவ்வளவுதான். ஊர்ல என்னயச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூசும்.’

இத்தன வருசமா அந்த வார்த்தைக்குத்தான் காத்துக் கெடந்தேன். ஒரு அரிசிக் கப்பல் மேல மெதந்துக்கிட்டு அதக் கேக்கேன். இனிச்சுது தம்பி. இல்லன்னு சொல்லமாட்டேன். இன்னொரு தடவ சொல்லுன்னு அவன் காதுல கத்துனேன். சொன்னான். இன்னொரு தடவையும் சொன்னான்.

அன்னைக்கோட கரைக்கு வாரத விட்டுட்டான். வீட்டுலயே கெடந்து, போன மாசம் அமைதியாப் போயிச் சேந்தான். ஒங்களாலதான் அவியளுக்கு நல்ல சாவு வந்துச்சுன்னு சலேத்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நல்ல மனுசன், நல்ல மனுசன்னு மணப்பாடே சொல்லுது. சொல்லட்டும். பேப்பர்ல என்ன போட்டிருந்தான் தெரியுமா? ‘மூழ்கிய கப்பலைக் கண்டுபிடித்த வீரர் மறைவு.’ கண்டுபிடிச்சது அவனாம். அடையாளம் காட்டுன என் பேரு ஒரு எடத்துல கூட இல்ல.

என்ன கேக்கீய? சத்தமாக் கேளுங்க, பஸ்சு எரைச்சல்ல வெளங்கல.

சாஞ்சு கெடந்தா நெசமாவே இன்னொரு விசிறி மண்ணுக்குள்ள இருக்கலாமேன்னா?

நீங்க என்ன வேல பாக்கீய தம்பி? பேங்க்லயா. பேங்க்ல இருந்துக்கிட்டுக் கப்பலப் பத்திக் கேக்கீய. இருக்காது. அந்தப் பய வாய அடைக்கச் சொன்ன பேச்சு அது. ஒத்த விசிறின்னா அச்சு நட்ட நடுவுல வரும். ரெட்ட விசிறின்னா ஓரத்துல வரும். நடுவுலயா ஓரத்துலயான்னு நான் அவன்கிட்டக் கேக்கல. அந்த நேரத்துல கேக்கத் தோணல. பெறவும் கேக்கல. இன்னைக்கு நசரேன்தான் படகு ஓட்டுதான். கேட்டா ஒரு வார்த்தையில சொல்லிருவான். எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியாதா அவள?

மாலையப் போடுவேன். போடுதேன்னு சலேத்துக்கிட்டச் சொல்லியாச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

எந்திரிங்க, திருச்செந்தூர் வந்துட்டு. பையப் பாத்து எடுங்க. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. கன்னியாகுமரியில கயிறு அறுந்து கச்சான் காத்துல மெதந்து வந்தா, மணப்பாடு முந்தி வரும், தூத்துக்குடி பெறவுதான் வரும். அங்க கெடக்கது நெசமாவே பவானிதான்னா, அவ எங்க ஊரப் பாத்து வந்துக்கிட்டு இருந்திருக்கா, இன்னும் கொஞ்ச தூரந்தான் பாக்கி, அதுக்குள்ள கஸ்பார் வாசல்ல போயிப் படுத்துக்கிட்டதா ஆயிரும். அத நான் எப்படித் தம்பி ஒத்துக்கிட முடியும்?